மில்லுக்குக் கிழக்கே வெற்றுக் காணி

அன்பு மகள் நுஸ்ஹாவுக்கு உன் சாச்சா ஜவுபர் ஸலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் ஹாதிக்கும் சின்னப் பிள்ளையும் அந்தக் கட்டார்ச் சூட்டில் காய்ச்சல் தலையிடி ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று இப்போதுதான் தொழுதுவிட்டுக் கேட்டேன், கேட்ட கையோடு பேனையை எடுத்தேன். இங்கே நானும் உன் சாச்சி றபீக்காவும் அல்லாஹ்வின் காவலில் நல்ல சுகம், எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அதைப் பெரிதாக எடுக்காதே. உன் உம்மாவுக்கு மூச்சிழுப்பு கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கிறது, அதைப்பற்றிக் கீழே எழுதுகிறேன், நின்று நிதானமாக வாசி.

எல்லாம் நான் சொன்னபடியே நடந்திருக்கிறது மகள். நம்மட ஒழுங்கைக்குப் பின்னால் முபாறக் ஹாஜியார் நெல் காயப்போட ஒரு சீமெந்துத் தளம் போட்ட அன்றே, இது தளத்தோடு நிற்காது, ஒரு நாள் மில்லாகும், மறுகா அந்த மில்லுக்கு வயிறு பெருத்து நம்மட மதிலைத் தள்ளும் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். பள்ளிவாசலுக்கு முன்னால் வைத்து எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். கேட்டவர்களில் பாதிப் பேர் மவுத்தாகிவிட்டார்கள், மீதிப் பேருக்கு ஞாபகம் இல்லை, அதற்காகச் சொன்னது இல்லை என்று ஆகுமா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் கந்தோர், காணி, உறுதி, பிளான் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, உன் வாப்பா இருந்தால் இதைச் சொல்லுவார். வட்ஸ்அப்பில் கதைக்கலாமே, இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நீ நினைப்பாய். போன் எந்த நேரமும் உன் உம்மாவின் கையில்தான், நான் குரல் பதிந்து அனுப்பினால் அவர் பக்கத்தில் இருந்து அது அப்படியில்லை தம்பி, இது இப்படியில்லை தம்பி என்று திருத்திக்கொண்டே இருப்பார், ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லி முடிக்க விடமாட்டார். அதோடு உனக்கு அனுப்ப வேண்டிய பேப்பர்களும் இருக்கின்றன. நம்மட முனாஸ் லீவு முடிந்து இன்றைக்குக் கட்டாருக்குக் கிறுகிப் போகிறான், அவன் கையில் எல்லாவற்றையும் கொடுத்து விடுகிறேன்.

ஹாஜியாரின் மில் இப்போது நெல் அவிக்கிற அவிப்பே ஒழுங்கைக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. கச்சான் காற்று எழும்பினால் உமிச் சாம்பல் அத்தனையும் கிழக்கே நம்மட பக்கம்தான் வந்து இறங்கும். உன் உம்மா காலையில் தோய்த்துப் போடுகிற வெள்ளைத் துணி லுஹருக்குப் பாங்கு சொல்வதற்குள் பூனை படுத்து எழும்பியது போல ஆகிவிடும். போன கிழமை நான் உன் வீட்டுக் கூரையில் ஏறி ஒரு உரச்சாக்கு நிறையச் சாம்பல் கூட்டி அள்ளினேன். சரி, ஏறியது இன்ஸாப், அதுதான் பக்கத்து வீட்டுச் சபியா உம்மாவின் மருமகன், கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டர், ஆனால் ஏணியைப் பிடித்தது நான், பிடிக்கிறவன் பிடிக்காவிட்டால் ஏறுகிறவன் எப்படி ஏறுவான். நெல் ஊறவைத்த தண்ணீரையும் ஒழுங்கை வாய்க்காலில்தான் விடுகிறார்கள், அது ஓடாமல் கிடந்து புளித்து நாறுகிறது, வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தால் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுக்க வெட்கமாக இருக்கிறது. இதெல்லாம் போதாது என்று இப்போது மில்லைப் பெருப்பிக்கப் போகிறாராம். இரண்டாவது பொயிலர், பன்னிரண்டு அவியல் தொட்டி, எண்பது அடியில் ஒரு புகைக்கூண்டு, லொறி வந்துபோக நம்மட ஒழுங்கைப் பக்கம் புதிதாக ஒரு கேட். அந்தப் புகைக்கூண்டு எங்கே வரப்போகிறது தெரியுமா, உன் குசினி யன்னலில் இருந்து முப்பது அடியில். நான் காலால் அளந்து பார்த்தேன், என் கால் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட, அப்படிப் பார்த்தாலும் முப்பத்திரண்டுக்கு மேல் போகாது. உன் உம்மாவைப் பார்க்கிற டொக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார், இப்போது இருக்கிற புகையே அவருக்குக் கூடாது, இதற்கு மேல் கூடினால் அந்த வீட்டில் அவர் இருக்க முடியாது என்று. நீ கட்டின வீட்டை விட்டு, உன் வாப்பா கடைசியாகப் படுத்த அறையை விட்டு, அவர் இந்த வயதில் எங்கே போவது. உனக்கு இதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று என்னிடமும் சத்தியம் வாங்கினார், நான் சரி என்று மட்டும்தான் சொன்னேன், சத்தியம் செய்யவில்லை.

மில் கேட்டில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். விரிவாக்கத்துக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்தில் தரலாம், ஊர்ச் சபையின் திட்டக் குழு விசாரிக்கும் என்று அதில் இருந்தது. ஹாஜியாரின் ஆட்கள் கொடுத்த அறிக்கை ஒன்று சபையில் பார்வைக்கு வைத்திருந்தார்கள், தலையணை போலப் புத்தகம், இன்ஸாபைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் இருந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு இரத்தம் கொதித்தது மகள். ஒழுங்கையில் போகிற வாகனங்களை எண்ணினார்களாம், ஆகக் குறைவு, லொறி வந்தால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை என்று எழுதியிருக்கிறது. எந்த நாள் எண்ணினார்கள் என்று தேடிப் பார்த்தால் வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை மட்டும். ஊரிலே ஆண்பிள்ளை என்று பெயர் வைத்தவன் எல்லாம் ஜும்மாவில் இருக்கிற நேரம், நாயும் நிழலில் படுத்துக் கிடக்கிற நேரம், அப்போது வந்து எண்ணினால் என்ன வாகனம் போகும். காற்றைப் பார்த்தார்களாம், அது மேற்கே வயல் பக்கம் வீசுகிறதாம், வீடுகளுக்குப் புகை வராதாம். பார்த்த மாதம் மார்கழி. மார்கழியில் வாடைதானே வீசும், கடலில் இருந்து வந்து மேற்கே போகும், அதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். கச்சானை அந்தப் புத்தகம் முழுக்கத் தேடினேன், கச்சான் என்று ஒரு காற்று உலகத்தில் இருக்கிறதாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் கலரில் ஒரு படம், மில்லைச் சுற்றி முப்பது பச்சை மரம், மரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண் நாய்க்குட்டியோடு நடந்து போகிறாள். நம்மட ஒழுங்கையில். இதைப் பார்த்துவிட்டு நான் சிரிக்கிறதா அழுகிறதா.

அன்றைக்கே மனு எழுதினேன். சொல் என்னுடையது, எழுத்து இன்ஸாபுடையது. மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பத்தேழு கையெழுத்து வாங்கினேன், சபை தொடங்கிய நாளில் இருந்து இப்படி ஒரு மனு போயிருக்காது. விசாரணை செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு. நாங்கள் ஐந்நூறு பேர் திரண்டு போனோம், சரி, விறாந்தை நிறைய என்று வைத்துக்கொள். முன் வரிசைக் கதிரையில் ஹாஜியார், வலது பக்கம் லோயர், இடது பக்கம் கொழும்பில் இருந்து வந்த என்ஜினியர். விசாரணையை நடத்தினது கிருசிகா என்று ஒரு மிஸ், திட்டமிடல் உத்தியோகத்தர், தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். சத்தம் போட்டுக் கதைக்கிறதில்லை, ஆனால் அவர் கதைக்கிற நேரம் ஒருவரும் குறுக்கே கதைக்கிறதும் இல்லை. மண்டபம் சின்னது, மில்லோடு எல்லை முட்டுகிற காணிச் சொந்தக்காரர்கள் உள்ளே வந்து கதைக்கலாம், மற்றவர்கள் விறாந்தையில் இருந்து கேட்கலாம் என்று சொல்லிவிட்டு ஒரு பட்டியலை எடுத்து வாசித்தார். மீராலெப்பை சபியா உம்மா. ஒருவரும் இல்லை. அடுத்த பெயர், அதுவும் ஒரு பொம்பிளை, ஆள் இல்லை. அடுத்ததும் அப்படித்தான். ஒன்பது பெயர் வாசித்தார், ஒன்பதும் பொம்பிளைகள், ஒன்பதாவது நீ. நம்மட ஊரில் வீடு வளவை எல்லாம் பெண் பிள்ளைக்குச் சீதனமாக எழுதுவது, மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து குடியேறுவது, இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது போல நின்றோம். நாற்பத்தேழு கையெழுத்தும் ஆம்பிளைகள், அதில் ஒருவன் பெயரிலும் அந்த எல்லையில் ஒரு பேர்ச் நிலம் இல்லை.

இன்ஸாபுக்குத்தான் முதலில் வாய் வந்தது. “மிஸ், நான் சபியா உம்மாட மருமகன், அந்த வீட்டிலதான் இரிக்கன்” என்றான். அந்த மிஸ் மரியாதையாகக் கேட்டார், “நல்லம் சேர். காணி உறுதி ஆருட பேரில?” “மாமிட பேரில.” “அப்ப மாமி வந்தா நல்லம்.” அவ்வளவுதான். என் மனுவைக் கையில் எடுத்து மேலும் கீழும் பார்த்தார், இது பொதுவான கருத்து என்று கந்தோர்ப் பைலில் கிடக்கும், எல்லைக்காரர்களின் ஆட்சேபனையாக எடுக்க ஏலாது என்று சொல்லி ஒரு பக்கம் வைத்தார். அந்த நேரம் ஹாஜியார் கதிரையில் இருந்தபடியே எங்கள் பக்கம் கிறுகிப் பார்த்துச் சொன்ன கதையை நான் மவுத்தாகும் மட்டும் மறக்கமாட்டேன். “ஒழுங்கையே திரண்டு வந்திரிக்கி எண்டாங்க, பாத்தா எல்லாரும் வாடகைக்கு இரிக்கிற ஆக்கள்தான்” என்றார். விறாந்தையில் இருந்த நம்மட ஆட்களிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், அவர்கள் பெயரை நான் எழுதவில்லை, நீ கேட்டாலும் சொல்லமாட்டேன். இதிலே என்ன அநியாயம் என்றால் ஹாஜியாரின் சொந்த வீடும் அவர் மனைவியின் பேரில்தான், அவரும் நம்மளைப்போல வந்து குடியேறின ஆள்தான், மில் ஒன்று இருக்கிறபடியால் அது மறந்துபோய்விட்டது.

பதினொரு மணி மட்டும் நேரம் தருகிறேன், சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அந்த மிஸ் சொன்னதும் ஒழுங்கைக்கு நாலு ஆட்டோ பறந்தது. பொம்பிளைகள் வந்து இறங்கின வருகையை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருவரின் கையில் மீன் அரிந்த வாடை, ஒருவர் அபாயாவைத் தலைகீழாகப் போட்டுவிட்டு வழியிலே திருத்திக்கொண்டு வருகிறார், உறுதிகள் பிஸ்கட் டின்னிலும் தலையணை உறையிலும் பால்மா டின்னிலும் வருகின்றன. சபியா உம்மா ஆட்டோவை விட்டு இறங்கி விறாந்தையில் நின்ற எங்களை ஒரு கரையில் இருந்து மறு கரை மட்டும் பார்த்தார். “காலையில பொண்டுகளுக்கு அங்க என்ன வேல எண்டீங்க, இப்ப ஆட்டோ அனுப்பிக் கூப்பிடுறீங்க, என்ன வாப்பா, ஒங்கட வேல முடிஞ்சா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். இன்ஸாப் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே எட்டுப் பேரும் ஒருவருக்குப் பின் ஒருவராகக் கதைத்தார்கள். தூசி, நாற்றம், பிள்ளைகளின் இருமல், லொறி, எல்லாம் வந்தது. கொழும்பு என்ஜினியர் ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டி, புது இயந்திரத்தில் தூசி பிடிக்கிற பை இருக்கிறது, பிரச்சினை வராது என்று ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். கேட்கக் கேட்க விஷயம் கைவிட்டுப் போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

மறுகா உன் பெயர் வந்தது. ஆள் கட்டாரில். அப்போது நான் எழும்பினேன் மகள். அந்தப் பிள்ளைக்கு வாப்பா இல்லை, நான்தான் வாப்பாவின் ஸ்தானம் என்றேன். கிருசிகா மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்க வாங்க என்றார். சுவரில் பெரிய பிளான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, மில், தொட்டி, புகைக்கூண்டு எல்லாம் சிவப்பில், நம்மட ஒழுங்கை வீடுகள் சாம்பல் நிறக் கட்டங்களாக. அத்தனை பேர் அரை நாளாகப் பார்த்த பிளான், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நான் நேராகப் போய் மில்லுக்குக் கிழக்கே, புகைக்கூண்டுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டேன். என்ஜினியர் குனிந்து பார்த்து, அது வெற்றுக் காணி என்றார். உன் வீடு மகள். பதினாறு பேர்ச்சில் மூன்று அறையும் குசினியும் கிணறும் மதிலுமாக நிற்கிற வீடு, அந்தப் பிளானில் இல்லை. நீ வீடு கட்ட முந்தி அளந்த பழைய பிளானை எடுத்து அதற்கு மேலேயே கீறியிருக்கிறார்கள். குடியிருக்கிற வீட்டில் இருந்து புகைக்கூண்டு இவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம், உன் வீடு இல்லை என்றால் அந்தக் கணக்கு சரி, உன் வீடு இருக்கிறது என்றால் பிழை. முழு மில்லும் அந்த வெள்ளைக் கட்டத்தில்தான் நிற்கிறது. நான் விடவில்லை, அதுக்குள்ள எங்கட மதினி இரிக்கா, பதினொரு வருஷமா இரிக்கா என்று சொல்லி, உன் வீட்டுக்கு இதே சபை சீல் அடித்துக் கொடுத்த அனுமதிப் பிளானையும் தண்ணி பில்லையும் மேசையில் வைத்தேன். லோயர் ஹாஜியாரின் காதுக்குள் என்னவோ சொன்னார், ஹாஜியார் கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். சொன்னதைக் கிருசிகா மிஸ் அப்படியே தன் புத்தகத்தில் எழுதி, எழுதினதை ஒருமுறை உரத்து வாசித்தும் காட்டினார்.

முடிவு இன்னும் இல்லை, அதை விளங்கிக்கொள். விண்ணப்பத்தைத் தள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. குழு நேரில் வந்து இடத்தைப் பார்க்கும், அதற்கு முதல் இருபத்தொரு நாளுக்குள் காணிச் சொந்தக்காரியின் ஆட்சேபனை எழுத்தில் வர வேண்டும். சொந்தக்காரி நீ. உன் கையெழுத்து, அங்கே நம்மட தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, மூலப் பிரதியாக வர வேண்டும், போனில் படம் பிடித்து அனுப்பினால் செல்லாதாம். இருபத்தொன்றில் நாலு நாள் இப்போதே போய்விட்டது. உறுதியின் பிரதி, பிளானில் அந்த வெள்ளைக் கட்டம் இருக்கிற துண்டு, நிரப்புகிற படிவம் எல்லாம் இந்தக் கவருக்குள் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது, உன் வீட்டின் பேரில் யார் என்ன சொன்னது என்று விபரமாக எழுதி, அதை நீ ஏற்றுக்கொள்கிறாய் என்று கையெழுத்து வை. சொந்தக்காரி வெளிநாட்டில், அவளுக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை, காணியை விற்கத்தான் இருக்கிறாள் என்று ஹாஜியாரின் ஆட்கள் இப்போதே ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். மருமகன் ஹாதிக்குக்கு போன் வரும், அவருடைய தம்பிக்கு மில்லில் வேலை என்று கதைப்பார்கள், ஆட்சேபனை இல்லை என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்வார்கள். வீடு அவர் பேரில் இல்லை என்பதை மருமகனுக்கு நயமாக ஞாபகப்படுத்து, மனம் நோகாமல் சொல், நல்ல பிள்ளை அவர், ஆனால் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

வேறு விசேஷம் இல்லை. வயல் பக்கம் வெட்டு முடிந்துவிட்டது, இந்தப் போகம் விளைச்சல் நல்லம், அந்த நெல்லும் ஹாஜியாரின் மில்லுக்குத்தான் போகும், நெல்லை நான் குறை சொல்லவில்லை, மில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சவளக்கடைப் பக்கம் வீடு இல்லாத வெளியில் கொண்டு போய்க் கட்டட்டும், நானே போய் முதல் கல்லை எடுத்துக் கொடுப்பேன். முனாஸின் பையில் சாச்சி இனிப்புத் தொதலும் கருவாடும் வைத்திருக்கிறாள், கருவாட்டைத் தொதலோடு சேர்த்து வைக்காதே. தண்ணீர் நிறையக் குடி. பிள்ளையோடு வீட்டில் தமிழில் கதை, போன முறை அவன் என்னைப் பார்த்து ஹாய் அங்கிள் என்றான், எனக்கு அது கொஞ்சம் சுணைத்தது. தொழுகையை விடாதே, கோபத்தை ஹாதிக்கின் தலையில் இறக்காதே, உன் உம்மாவுக்கு போன் எடுத்தால் இழுப்பைப்பற்றிக் கேட்காமல் கேட்டுக்கொள். அல்லாஹ் உன் வீட்டையும் உன் கையையும் பரக்கத்தாக்கி வைப்பானாக, உங்கள் மூன்று பேரையும் நல்லபடி ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் கண்ணில் காட்டுவானாக.

இதோடு கையெழுத்து வைக்க இருந்தேன். உன் சாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு பக்கத்தையும் இருந்து வாசித்தாள். வாசித்து முடித்து ஒன்றுதான் கேட்டாள். “இதப் பாத்து அந்தப் புள்ள சாச்சாதான் சொன்னாரு எண்டு எழுதி அனுப்பினா, மிஸ்ஸிட புத்தகத்தில வேற பேர் இரிந்தா, ஹாஜியாரிட லோயர் சும்மா விடுவாரா?” அவள் கேட்டது சரிதான். திரும்ப எல்லாவற்றையும் எழுத நேரம் இல்லை, முனாஸ் ஆட்டோவோடு வாசலில் நிற்கிறான். ஆகையால் ஒரு இடத்தை மட்டும் நீ மாற்றி வாசி. நான் உள்ளே போகவில்லை மகள். வாப்பா ஸ்தானம் என்று சொன்னது உண்மை, உறுதியில் அப்படி ஒரு ஸ்தானம் இல்லை என்று அந்த மிஸ் சொன்னதும் உண்மை. நான் விறாந்தையில் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழும்பிப் போனது, மற்றப் பொம்பிளைகளோடு ஆட்டோவில் வந்திருந்த உன் உம்மா. பட்டியலில் அவர் பெயர் இல்லை, அந்த வீட்டில் வசிக்கிறவர் என்று தண்ணி பில்லைக் காட்டி ஒருவரும் கூப்பிடாமல் அவராகத்தான் போனார். அனுமதிப் பிளானை முதல் நாளே சீலைப் பெட்டியில் இருந்து எடுத்து வைத்திருந்தாராம். நான் மனுவோடு போன அன்று அவர்தான் முதலில் கையெழுத்துப் போட வந்தவர், கந்தோர் வேலை உங்களுக்கு எதுக்கு மதினி என்று சொல்லிப் பேனையைக் கொடுக்காமல் விட்டதும் நான்தான். பிளானில் விரலை வைத்தது அவர். நடுவில் இரண்டு தரம் மூச்சு எடுக்க நின்றார், ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை, ஹாஜியாரும்கூட. வெற்றுக் காணி என்று என்ஜினியர் சொன்னதும் அவர் சொன்னது ஒரு வசனம்தான், மிஸ்ஸின் புத்தகத்தில் இருப்பதும் அந்த வசனம்தான். பேனை என் கையில் இருந்ததால் அந்த விரலும் என்னுடையதாகிவிட்டது, நீ சாச்சாவை மன்னித்துக்கொள். நீ எழுதுகிற கடிதத்தில் அதை அவர் சொன்னபடியே எழுது, ஒரு சொல்லும் கூட்டாதே. “நான் இரிக்கன் அதுக்குள்ள.” சொன்னவர் ஆதம்பாவா ஸுஹைறா. என் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் சாச்சா
ஜவுபர்